துறைக்கூலி

ஆளுக்குப் பத்து சென்ட். குதிரைக்கு இருபத்தைந்து.
பன்றிக்கு ஐந்து.
எனக்கு விலை உண்டு, கூலி கிடையாது.

ரான்சம் என்று எனக்குப் பெயர் வைத்தவர்
லெவரெட் ட்வைமன், ஹார்லன் துறைக்கும் எனக்கும் சொந்தக்காரர்.
மீட்புப் பணம் என்று அதற்கு அர்த்தமாம்.
ஒரு பாதிரியார் சிரித்தபடி சொல்லிவிட்டு இறங்கினார்,
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.

மார்ச் கடைசி. மிசௌரி ஆறு
வேரோடு பிடுங்கிய மரங்களை இழுத்து வந்துகொண்டிருந்தது.
அன்று அக்கரையில் தேர்தல்.
கான்சஸ் மண்ணில் அடிமை வைக்கலாமா என்று தீர்மானிக்க
இக்கரைக்காரர்கள் கிளம்பினார்கள்.
விடியுமுன்பே கூட்டம். கோவேறு கழுதைகள், விஸ்கிப் பீப்பாய்,
ஒரு பிடில், ஆளுக்கொரு துப்பாக்கி.
எல்லார் சட்டைப் பொத்தான் துளையிலும்
அடையாளத்துக்கு ஒரு கொத்துச் சணல் நார்.

அந்த நாரை எனக்குத் தெரியும்.
போன குளிரில் கெசியா தண்டு முறித்துப் பிரித்தது.
தூசி நெஞ்சில் ஏறி ராத்திரியெல்லாம் இருமுவாள்.
பனி உருகுமுன் லெக்சிங்டன் சந்தையில் விற்றார்கள்.
இருமலைச் சொல்லாமல் விற்றார்கள்.

அவர்கள் போட்டதும் ஓட்டு.
நான் செய்ததும் ஓட்டு.
பதினேழு நடை.
பிறக்காத பிள்ளைகளின் கழுத்துக்கும் சேர்த்துச் செய்த நுகத்தை
நானேதான் அக்கரை சேர்த்தேன்,
ஒருத்தர் பூட்ஸிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.
அது என் தொழில் சுத்தம்.
வெட்கமாய்த்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நடையில், நடு ஆற்றில், துடுப்பை நிறுத்தினேன்.
கீழே சுழல். படகில் முப்பது பேர்.
நீந்தத் தெரிந்தவர் நாலைந்து இருக்கலாம்.
பிடில் நின்றது.
“என்னடா?”
“மரம் வருகிறது, ஐயா.”
மரம் எதுவும் வரவில்லை.
பிறகு ஓட்டினேன்.

மே மாதம் ஏபியல் தர்ஸ்டன் வந்தார்,
மாசசூசெட்ஸிலிருந்து, மூக்கு உரிந்து,
நான்கு பெட்டிகளோடு.
“புத்தகங்கள்” என்றார், நான் கேட்காமலே.
எனக்கு எழுத்துத் தெரியாது. எடை தெரியும்.
புத்தகம் உரசினால் இரும்புச் சத்தம் வராது.
என்னைச் சகோதரா என்று கூப்பிட்டார்.
இந்தக் காசு உன் கைக்கு வருமா என்று கேட்டார்.
வராது என்றேன்.
வருத்தமாய்த் தலையசைத்து
பாக்கியை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்க
எந்தக் கரையில் தீ எரிகிறதென்று
தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
இரண்டு பக்கமும் சிவப்பு.

ஜனவரியில் ஆறு இறுகியது.
துறையில் வேலை இல்லையென்று
ட்வைமன் என்னை விறகு பிளக்க வாடகைக்கு விட்டார்.
மூன்றாம் ராத்திரி கோடரியைக் கட்டையில் விட்டுவிட்டு
நடந்தேன்.
என்னைச் சுமக்க ஆறு கூலி கேட்கவில்லை.
சுழல் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
பனிக்கட்டிக்கு அடியில் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
உள்ளங்காலில் கேட்டது.

ஆறு வருடம் கழித்து,
நாடு தன்னைத்தானே சுட ஆரம்பித்த இரண்டாம் கோடையில்,
கறுப்பர்களுக்கும் சீருடை என்றார்கள்.
மேசைக்குப் பின்னால் ஒரு பையன், மசி படிந்த விரல்.
வயது? தெரியாது.
தொழில்? படகு.
யாரிடம் இருந்தாய்? சொன்னேன்.
ரான்சம் ட்வைமன் என்று எழுதிக்கொண்டான்.
அடி என்றேன்.
“பின்னே என்ன பெயர்?”
கெசியா.
“அது பெண் பெயராச்சே.”
எழுது.

பக்கத்தில் ஒரு பெட்டியை நெம்பித் திறந்தார்கள்.
துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் எடை தெரிந்துவிட்டது,
அந்தப் புத்தகம்தான்.
பின்னால் நின்றவன் தள்ளினான்.
நான் நகரவில்லை.
மசி காயும்வரை
தலைகீழாய்த் தெரிந்த அவள் பெயரைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.